ஆயிலும் ஓர் இடுபொருள்தான்

களைக்கொல்லி வேண்டாம் என்று விட்டவர்களின் கொட்டகையில் இன்று ஒரு பிரஷ் கட்டராவது தொங்குகிறது. ஆள் கிடைக்காத ஊரில் வேறு வழியும் இல்லை. கொஞ்சம் வசதி இருந்தால் பவர் வீடர், மரம் இருந்தால் செயின் சா. பஞ்சகவ்யாவை எத்தனை நாள் கலக்க வேண்டும், எந்த மாட்டுச் சாணம் நல்லது என்று மணிக்கணக்கில் பேசுகிற நாம், இந்த எஞ்சின்களுக்கு என்ன ஊற்றுகிறோம் என்று பேசுவதில்லை. கேட்டால், "ஆயில்தானே சார், எதை ஊத்துனா என்ன?" என்கிறார்கள். அப்படி இல்லை. காசு கொடுத்து வாங்குகிறோம். அதில் ஒரு பங்கு புகையாகவும், ஒரு பங்கு சொட்டாகவும், மீதி கழிவாகவும் நம் நிலத்துக்கே வருகிறது. அப்படியானால் அதுவும் இடுபொருள்தான்.

வாங்கும் முன் எஞ்சின் 2-ஸ்ட்ரோக்கா, 4-ஸ்ட்ரோக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். 2-ஸ்ட்ரோக்கில் ஆயிலுக்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்ற வேண்டும். 4-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் தனி, ஆயில் தனி. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் புது வீடர் வாங்கினார். பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டிய பழக்கத்தில் பெட்ரோலில் 2டி ஆயிலைக் கலந்துவிட்டார். வந்ததோ 4-ஸ்ட்ரோக். இப்படிப்பட்ட எஞ்சின்கள் பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும். அரை ஏக்கர் ஓட்டுவதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

2டி ஆயில் டப்பாவில் ஜாசோ என்ற ஜப்பானியத் தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று தரம் ஏறிக்கொண்டே போகும். எஃப்சியில் புகை குறைவு. எஃப்டியில் புகையும் குறைவு, உள்ளே கரி படிவதும் குறைவு. விலை கூடுதல் என்பார்கள். கணக்குப் போடுவோம். 50:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. ஒரு லிட்டர் ஆயில் 50 லிட்டர் பெட்ரோலுக்கு வரும். நல்ல ஆயில் லிட்டருக்கு 200 ரூபாய் அதிகம் என்றே வைத்துக்கொண்டாலும், பெட்ரோல் லிட்டருக்கு 4 ரூபாய்தான் கூடுகிறது. அந்த 4 ரூபாயை மிச்சம் பிடித்தால், இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறவர்தான் புகையைக் குடிக்க வேண்டும். விஷமில்லா உணவு என்று பேசிவிட்டு அவருக்குப் புகையைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"கொஞ்சம் கூட ஊத்தினா எஞ்சினுக்கு நல்லது" என்பதும் தவறு. பிளக் கறுக்கும், சைலன்சர் அடைக்கும். கையேட்டில் 25:1 என்று இருந்தால் 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. மாட்டுக்கு ஊசி போடுகிற 20 மில்லி சிரிஞ்சு ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்துக்கொண்டால் போதும், கண் அளவு வேண்டாம். கலந்ததை மாதக்கணக்கில் கேனில் வைக்கவும் கூடாது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பல சிறு எஞ்சின்களின் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. நம் கையில் இருப்பது, அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலப்பதும், பருவம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை ஓடவிட்டு வைப்பதும்தான்.

4-ஸ்ட்ரோக்கில் பெரும்பாலான கையேடுகள் கேட்பது 10டபிள்யூ-30. ஏபிஐ எஸ்ஜே அல்லது அதற்கு மேல். பைக்குக்குப் போடும் 20டபிள்யூ-40ஐக் கடைக்காரர் நீட்டினால், நம் வெயிலுக்கு அதைக் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டீசல் டில்லருக்கு டீசல் எஞ்சின் ஆயில்தான். அதில் குழப்பமே வேண்டாம்.

ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற சின்ன எஞ்சினில் மொத்த ஆயிலே 100 மில்லிதான். காரில் இருப்பது போல ஆயில் ஃபில்டரும் இல்லை. புழுதியும் சூடும் அந்த 100 மில்லியைத்தான் கெடுக்கின்றன. ஜிஎக்ஸ் வகைகளில் முதல் மாற்றம் கையேடு சொல்லும் மணி நேரத்தில் அல்லது ஒரு மாதத்தில். பெரும்பாலானவற்றுக்கு அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மணிக்கணக்கை எழுத ஒரு நோட்டைக் கொட்டகையில் கட்டித் தொங்கவிடுங்கள். வங்கிக்காரன் புத்தி என்று வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

பயிற்சிகளில் ஒருவராவது கேட்பார்: ஆமணக்கெண்ணெய் ஊற்றலாமா? முதல் உலகப்போர் விமானங்களில் அதுதான் ஓடியது. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் அது பிசினாகப் படியும். நம் எஞ்சினுக்கு வேண்டாம். செயின் சாவின் செயினுக்குப் போகும் எண்ணெய் கதை வேறு. அது திரும்பி வருவதே இல்லை, மொத்தமும் மரத்திலும் மண்ணிலும் தெறிக்கிறது. அங்கே தாவர எண்ணெய் போடலாம். வேலை முடிந்ததும் செயினைக் கழற்றித் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். அதே இடத்தில் வேஸ்ட் ஆயிலை ஊற்றுகிறவர்களை என்ன சொல்வது?

வேஸ்ட் ஆயிலைத் தென்னை மூட்டிலும் வரப்பிலும் கொட்டுகிறோம், கரையானுக்கு என்று வேலிக்காலில் பூசுகிறோம். அதில் தேய்ந்த உலோகத் துகளும், எரிந்ததில் உண்டான புற்றுநோய் தரக்கூடிய பொருள்களும் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் கீழ் அது அபாயக் கழிவு. யூரியா போடாத மண்ணில் இதைக் கொட்டிவிட்டு அங்ககச் சான்றை எப்படிச் சுவரில் மாட்டுவது?

பயன்படுத்திய ஆயிலைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2024 ஏப்ரல் முதல் உற்பத்தியாளர் மீதே வைத்திருக்கிறார்கள். ஆனால் அரை லிட்டர் கழிவுக்காக யாரும் நம் தோட்டத்துக்கு வரப்போவதில்லை. சேர்த்து வைத்தால் வருவார்கள். ஒரு குழுவில் 30 எஞ்சின், ஒன்றுக்கு 600 மில்லி, ஆண்டுக்கு மூன்று மாற்றம் என்றால் 54 லிட்டர். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் கிடங்கின் ஓரத்தில் மூடியுள்ள ஒரு டிரம் வைத்து, அரசு அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் கொடுக்கலாம். நல்ல ஆயிலையும் அப்போதே மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். அடுத்த பொதுக்குழுவில் இதை யாராவது எழுப்புங்கள். அதுவரை பழைய ஆயிலைப் பழைய டப்பாவிலேயே மூடி, மழை படாத இடத்தில் வையுங்கள்.