கூரினும் பிடி பெரிது

கத்தி வாங்கச் செல்வோர் முதலிற் செய்வது யாது? பெருவிரலால் அதன் வாயை மெல்லத் தடவிப் பார்க்கின்றனர். கூர் இருப்பின் விலை பேசுகின்றனர். அடுக்களைக் கத்திக்கு இச்சோதனை போதும். குளிரிலும் ஈரத்திலும் ஓர் உயிரைக் காக்க வேண்டிய கத்திக்கு இது போதாது. மழுங்கிய வாயைக் கல்லில் தீட்டிக் கூராக்கிக் கொள்ளலாம். விறைத்த கையினின்று நழுவிக் கடலுள் வீழ்ந்த கத்தியை யார் மீட்டுத் தருவார்? ஆதலின் இத்தகைய கத்தியைப் பிடி பார்த்தே தேர்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

"வெயிற் காயும் தீவகத்தில் குளிரைப் பற்றிய பேச்சு ஏன்?" என்று வாசகர் வினவலாம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் இடைப்பட்ட கடலில், மழையில் நனைந்தபடி வாடைக்காற்றில் ஓர் இரவைக் கழித்தவர் அவ்வாறு வினவார். நம் உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. உள்ளுடலின் வெப்பம் 35 பாகைக்குக் கீழ் இறங்கினால், அதனை ஆபத்தின் தொடக்கம் என்பர் மருத்துவர். நீரோ, காற்றைக் காட்டிலும் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்வது. நம் கடல் பனிக்கடல் அன்று. எனினும் நனைந்த உடையும் ஓயாத காற்றும் சேர்ந்துவிட்டால் முதலிற் சோர்ந்து போவன விரல்களே. உள்ளுறுப்புகளைக் காக்கும் பொருட்டு, உடல் தன் குருதியைக் கைகால்களினின்றும் உள்ளிழுத்துக் கொள்கிறது. அறிவு தெளிவாக இருக்கும்போதே கை பயனற்றுப் போவது இதனாலேதான்.

படகிற் கத்தி எதற்கு? மீன் அரிவதற்கு மட்டுமன்று. ஓடும் கயிறு காலைச் சுற்றி ஆளைக் கடலுள் இழுக்கும்போது, வலை சுழலியிற் சிக்கும்போது, நங்கூரம் பாறையில் மாட்டிக்கொள்ள அலை படகின்மேல் ஏறும்போது, ஒரே வெட்டில் கயிறு அறுதல் வேண்டும். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22, 23ஆம் நாள்களில் தனுக்கோடியை அழித்து நம் வடகரையையும் தாக்கிய புயலை முதியோர் மறந்திலர். அத்தகைய வேளையில் உறையைத் தேடவும் மடக்குக் கத்தியை நகத்தால் விரிக்கவும் நேரம் ஏது?

இவ்வுண்மையை உலகக் கடற்சட்டம் நன்குணர்ந்துள்ளது. தைத்தானிக் கப்பல் 1912இல் மூழ்கியதன் பயனாக, கடலில் உயிர் காக்கும் அனைத்துலக உடன்படிக்கை 1914இல் முதன்முதல் உருவாயிற்று. இன்று நடைமுறையில் உள்ளது 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை. அதன் விதிகளின்படி, கப்பலில் வைக்கும் உயிர்காப்பு மிதவை ஒவ்வொன்றிலும் ஒரு கத்தி இருத்தல் வேண்டும். அது மடங்காததாய், மிதக்கும் பிடியுடையதாய், கயிறு கட்டப்பட்டதாய் இருத்தல் வேண்டும். மிதவையைக் கப்பலோடு பிணைக்கும் கயிற்றின் அருகே, வெளிப்புறப் பையில் அது வைக்கப்படும். கத்தி மடங்கலாகாது, மூழ்கலாகாது, கையை விட்டுப் போகலாகாது: இம்மூன்றும் கூரைப் பற்றிய விதிகள் அல்ல என்பதைக் கவனிக்க.

தொழிலுக்கேற்ற கத்தி என்னும் அறிவு நமக்குப் புதிதன்று. பனையேறுவோர்க்குப் பாளைக்கத்தி, ஓலை வார்வதற்குச் சத்தகம், வேலிக்குக் கதியால் வெட்டக் கொடுவாக்கத்தி. சத்தகத்தால் கதியால் வெட்டுவாரும் இலர். கொடுவாக்கத்தியால் பெட்டி இழைப்பாரும் இலர். பனி நாட்டவரும் இவ்வாறே பகுத்தறிந்துள்ளனர். பின்லாந்து மக்களின் இடைக்கத்தியாகிய புக்கோ, உள்ளங்கை அகலமே நீண்ட அலகும் மரப்பிடியும் கொண்டது. வடகோடியில் கலைமான் மேய்க்கும் சாமி மக்கள், கிளை தறிப்பதற்குப் பெரிய கத்தி ஒன்றையும் நுண்பணிக்குச் சிறிய கத்தி ஒன்றையும் வைத்துக் கொள்வர். சுவீடனின் மோரா நகரப் பகுதியில் 1891 முதல் கத்தி செய்யும் ஆலைத் தொழில் நடந்து வருகிறது; அங்குச் செய்யப்படும் எளிய சிறு கத்தியையே காடு செல்வோர் பலர் நாடுகின்றனர்.

அந்நாடுகள் நமக்கு அயலானவையும் அல்ல. நோர்வே மக்களின் துணையோடு காரைநகரில் உருவாகிப் படகு கட்டிய சீநோர் நிறுவனத்தை நம்மவர் அறிவர். பின்னர், 1980களில், நோர்வேயின் வடகோடியாகிய பின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் ஈழத்தமிழர் பலர் உழைத்தனர். இன்றும் நம் பிள்ளைகள் பனி பொழியும் நாடுகளில் கற்கின்றனர், விடுமுறையிற் காடேகுகின்றனர். உறைநிலையை அண்டிய நீரில் வீழ்ந்தவனுக்கு விரல்கள் ஏறத்தாழப் பத்து நிமிடமே பயன்படும் என்பர் ஆய்ந்தோர். ஆகவே, பின்வருவனவற்றை அவர்களுக்கு எழுதி அனுப்புவது பெற்றோர் கடன்.

பிடி மரமாகவோ, வழுக்காத இரப்பராகவோ இருத்தல் நன்று. வெற்று உலோகம் வேண்டா. உருக்கு, மரத்தினும் நூறு மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. நம் அகப்பைக்கு மரக்காம்பு வைத்த முன்னோர், சூட்டுக்குக் கண்ட வழியே குளிருக்கும் வழியாகும். அலகின் உருக்கு, பிடியின் கடைசி வரை உட்சென்றிருத்தல் வேண்டும். பாதியில் நின்றால் அழுத்தும்போது முறியும். அலகு பத்துச் சென்றிமீற்றர் அளவில் இருப்பின் போதும். கடற்பணிக்குத் துருவேறா உருக்கே ஏற்றது. பனிக்காட்டிற்குக் கரி உருக்கும் ஆகும். எளிதிற் கூரேறும், ஆயினும் துடைத்து எண்ணெயிட மறத்தலாகாது. அங்கே கத்தியின் தலையாய பணி தீ மூட்டுவது. நனைந்த விறகின் மேற்புறத்தைச் சீவி நீக்கினால் உள்ளே உலர்ந்த மரம் கிடைக்கும். அதை மெல்லிய சுருளாகச் சீவினால் தீப்பற்றும். இதற்கு வாளின் நீளம் எதற்கு?

மற்றொன்றும் கூறவேண்டும். தக்க காரணமின்றிப் பொதுவிடத்திற் கத்தி கொண்டு திரிவது நோர்வே, பிரித்தானியா முதலிய நாடுகளிற் குற்றமாகும். காட்டிற்குரிய கத்தி காட்டிற்குச் செல்லும் பையிலேயே உறையோடு இருக்கட்டும். இரவல் கொடுத்தலும் குழந்தைகளின் கைக்கெட்ட வைத்தலும் தவிர்க்கத் தக்கன. உலர்ந்த மாற்றுடையும், போகுமிடத்தைப் பிறருக்குச் சொல்லிச் செல்லும் வழக்கமும் இல்லாதவனை எந்தக் கத்தியும் காப்பாற்றாது.

இனி, கத்தி வாங்கிய அன்றே வீட்டில் ஒரு சோதனை செய்க. மீனுக்குப் போடும் பனிக்கட்டியிற் சிறிது வாளி நீரில் இட்டு, இரண்டு நிமிடம் கையை அமிழ்த்துக. துடையாமலே கத்தியை உறையினின்று உருவிப் பழங்கயிறு ஒன்றைத் தம்மிடமிருந்து விலக்கி அறுத்துப் பார்க்க. பெரியவர் செய்ய, பிள்ளைகள் எட்டி நின்று பார்க்கட்டும். கை வழுக்காமல், பிடி சுழலாமல் கயிறு அறுந்தால் அதுவே வேண்டிய கத்தி. வழுக்கினால், எத்துணை அழகியதாயினும் அதனை அடுக்களைக்கு அனுப்பிவிடுக. படகிற்கு வேறொன்று தேடுக.