ஜெபமும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்

கடும் மனச்சோர்வில் கிடந்த நான் இயேசுவை அறிந்து எழுந்தவன். ஆனாலும், "ஜெபம் போதும், மாத்திரை எதற்கு?" என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

1955-இல் வாலிபரான டி.ஜி.எஸ். தினகரன் உயிரை விடும் எண்ணத்தோடு புறப்பட்டார். வழியில் உறவினர் ஒருவர் பார்த்து, நிறுத்தி, இயேசுவைப் பற்றிச் சொன்னார். அன்று ஆண்டவர் ஒரு மனிதரைத்தானே அனுப்பினார்? மருத்துவரையும் அவரே அனுப்புகிறார் என்பது என் விசுவாசம்.

புதுக்கோட்டையில் வைத்தியம் பார்த்துக்கொண்டேதான் ஜெபித்தேன். மாத்திரையால் தூக்கம் வந்தது. விடிந்ததும் எழுந்திருக்க ஒரு காரணத்தை ஆண்டவர் தந்தார்: மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லித் தருகிறேன்.

வீட்டில் யாராவது பேச்சைக் குறைத்துக்கொண்டால் பக்கத்தில் போய் உட்காருங்கள். டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.