பச்சைப் புள்ளி சொல்லாத செய்தி



மானாம்பதி போன்ற சிற்றூர்களில்கூட, படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் நம் பெண்மக்கள் கைப்பேசியைப் பார்த்து கேக் சுடப் பழகிவிட்டார்கள். அந்த வரிசையில் இப்போது ‘வூப்பி பை’ வந்திருக்கிறது. பெயரில் பை இருந்தாலும் அது கேக்தான். உள்ளங்கையளவு கோகோ கேக் வட்டங்கள் இரண்டு, நடுவே வெண்ணிறக் கிரீம். தயிரின் புளிப்பும் சோடா உப்பும் சேர்ந்து மாவை எழுப்பிவிடும். அவன் அடுப்பு இல்லாதவர்கள், கேஸ்கட்டையும் வெயிட்டையும் நீக்கிய குக்கரில் உப்பைப் பரப்பிச் சூடாக்கிச் சுட்டுவிடுகிறார்கள்.

மத்ரஸாவில் பாடம் சொல்லும் நம்மிடம் இதுபற்றி வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “இது அந்நியர்களின் பண்டமாயிற்றே, நாம் செய்யலாமா?”

பண்டம் அந்நியம்தான், மறுப்பதற்கில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் தங்களுடையது என்கிறார்கள்; மெய்ன் மாநிலமோ 2011ஆம் ஆண்டில் சட்டமியற்றி அதைத் தன் மாநிலத் தின்பண்டமாகவே அறிவித்துக்கொண்டது. அதனால் நமக்கென்ன? உணவுப் பொருள்களில் அடிப்படை அனுமதிதான். தடைக்குத்தான் ஆதாரம் வேண்டும் என்பது ஃபிக்ஹ் மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் விதி. தபூக்கில் நபி (ஸல்) அவர்களிடம் பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டபோது, கத்தியை வரவழைத்து, பிஸ்மி சொல்லி அதை அறுத்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பிற சமயத்தாரின் வழிபாட்டுச் சின்னங்களைப் பின்பற்றுவது வேறு. அவர்கள் ஊர்ப் பலகாரத்தைச் சுவைப்பது வேறு. மேலும், சுடுவது நமக்குப் புதிய கலையும் அன்று. ரவையும் முட்டையும் நெய்யும் கலந்து, கீழே தணல், மூடியின் மேலே தணல் என்று வைத்துத் தம்மடை சுட்டவர்கள் தமிழ் முஸ்லிம் பாட்டிமார்கள். அது அவன் அடுப்பு செய்யும் அதே வேலைதான்.

பேணுதல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது காட்டப்பட வேண்டிய இடம் வேறு என்கிறோம். பண்டத்தின் ஊரைக் கேட்பவர்கள் அதற்குள் ஊற்றப்படும் புட்டியைக் கேட்பதில்லை.

வூப்பி பையின் நடுக் கிரீமுக்குச் சிலர் மார்ஷ்மெல்லோவை உருக்கிச் சேர்க்கிறார்கள். மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவது, பன்றியிலிருந்தும் எடுக்கிறார்கள். கிரீம்களில் வரும் 471 என்ற எண்ணுள்ள குழம்பாக்கி, தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். நம் நாட்டில் இவ்விரண்டுக்கும் எளிய வழி உண்டு. உறையில் பச்சைப் புள்ளி இருந்தால் விலங்குக் கொழுப்பும் ஜெலட்டினும் சேர்க்கப்படவில்லை என்று பொருள். சைவ உணவினருக்காக வந்த அடையாளம் நமக்கும் பயன்படுகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் பச்சைப் புள்ளி மதுவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆல்கஹால் விலங்குப் பொருள் அன்று. ஆகவே ஆல்கஹால் கலந்த வெனிலா புட்டியிலும் பச்சைப் புள்ளி இருக்கலாம். வெனிலா எக்ஸ்ட்ராக்ட் எனப்படும் சாறு, காய்களை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுப்பது. அமெரிக்க விதிப்படி அதில் குறைந்தது 35 விழுக்காடு ஆல்கஹால் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் எசன்ஸ் பலவற்றில் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற வேறு திரவமே இருக்கிறது. அதில் மது இல்லை. புட்டியின் பின்புறத்தில் உள்ள பொடி எழுத்தைப் படித்தால்தான் எது எதுவென்று தெரியும்.

திராட்சை, பேரீச்சை அல்லாதவற்றிலிருந்து வந்த ஆல்கஹால் போதை தராத சிறு அளவில் உணவில் கலந்திருந்தால், ஹனஃபி மத்ஹபின் சமகால அறிஞர்கள் சிலர் இடமளிக்கிறார்கள். ஷாஃபி மத்ஹபில் நிலை கடுமையானது. தன் வீட்டுக்கு மட்டும் சுடுபவர் தம் ஆலிமிடம் கேட்டு நடக்கலாம். விற்பவருக்கு அது போதாது; வாங்குபவர் எந்த மத்ஹபினர் என்று அவருக்குத் தெரியாது. வெனிலின் பொடி கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளலாம். நம்மைக் கேட்டால், கோகோவுக்கு ஏலக்காய் அதைவிட நன்றாகவே பொருந்தும்.

விற்பனை என்று வந்துவிட்டால் இன்னொன்றும் உண்டு. கடைகளில் கிடைக்கும் விப்பிங் கிரீம் பலவும் தாவரக் கொழுப்பால் ஆனவை. அவற்றைப் பயன்படுத்துவது பாவமன்று. அதை “வெண்ணெய்க் கிரீம்” என்று சொல்லி விற்பது மோசடி. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த செய்தியை நம் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். கிரீமும் அந்தக் குவியல் போன்றதே: மேலே பார்த்தால் எல்லாம் வெள்ளை. வீட்டிலிருந்து விற்பவர்களும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இனி, பெண் ஈட்டும் பணம். இதில்தான் நம் வீடுகள் அதிகம் தவறுகின்றன. வெனிலாவில் ஹலால் தேடும் தகப்பனாரோ கணவரோ, மகள் அல்லது மனைவி கேக் விற்ற பணத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார். ஆணுக்கு அவன் சம்பாதித்ததில் பங்கு, பெண்ணுக்கு அவள் சம்பாதித்ததில் பங்கு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் தரும் தீர்ப்பு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள், தம் பொருளைக் கணவருக்கும் தம் பராமரிப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிட்டால் அது தர்மமாகுமா என்று கேட்டனுப்பினார்கள். உறவைப் பேணிய கூலி ஒன்று, தர்மத்தின் கூலி ஒன்று என இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அப்பணம் முன்பே கணவருக்கு உரியதாக இருந்திருந்தால், அதைக் கொடுப்பது தர்மம் ஆகியிருக்காது.

ஆகவே, வூப்பி பை விற்ற காசில் மகள் அரிசி வாங்கிப் போட்டால், வீட்டார் அவளுக்கு ஜஸாக்கில்லாஹு கைரன் சொல்ல வேண்டும். அவள் அதை வங்கியில் போட்டு வைத்தால், வீட்டாருக்கு அதில் பேச்சில்லை.