சில்லுத் தடமும் கழற்றும் உரிமையும்

மேசைமேல் வைத்துப் பாவிக்கும் இங்க்ஜெற் அச்சுப்பொறி ஒன்றில் கனத்த ஓவியத் தாளைக் கொடுத்துப் படமொன்றை அச்சிட்டுப் பாருங்கள். பிரதியை நேராகப் பிடித்தால் குறை எதுவும் தெரியாது. யன்னலோரம் கொண்டுசென்று, ஒளி பக்கவாட்டில் விழும்படி சற்றே சரித்தால், கரிய பகுதிகளின் மேல் நுண்ணிய புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடுவதைக் காணலாம். அச்சுத்தொழிலோடு ஒட்டிப் பல்லாண்டு வாழ்ந்தவன் என்பதால், இந்தச் சிறு புள்ளிகளுக்குள் இருக்கும் பெரிய விடயமொன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

தடத்தை விடுபவை, அச்சுத்தலையைத் தாண்டித் தாள் வெளியேறும் இடத்தில் பொருத்தப்பட்டிருக்கும் பல்வைத்த சின்னஞ்சிறு உலோகச் சில்லுகள். மேலைநாட்டு ஒளிப்படக் கலைஞர்கள் இவற்றைப் பீட்சா வெட்டும் சில்லு என்று கேலியாக அழைப்பர். நாம் நட்சத்திரச் சில்லு என்போம். இவற்றை அங்கே வைத்த பொறியியலாளரைக் குறைகூற முடியாது. மை காயாத பரப்பின்மேல் இறப்பர் உருளை ஓடினால் எழுத்தெல்லாம் இழுபட்டுவிடும். ஊசிமுனை போன்ற பற்களால் மட்டும் தொட்டால், தாளும் மேலெழாது, மையும் கலையாது. அலுவலகக் கடிதத்துக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. ஆனால் கடிதத் தாள் சதுர மீற்றருக்கு 80 கிராம். பருத்தி ஓவியத் தாளோ 300 கிராம். தடிப்புக் கூடிய அத்தாளைச் சில்லு கூடுதலாக அழுத்துகிறது. அதன் மேற்பூச்சு மென்மையானது. மையும் கனமாக விழுகிறது. ஈரத்தில் இளகிய பூச்சின்மேல் பல் பதிந்தால் குழி நிலைத்துவிடும். கடிதத்துக்காகப் பிறந்த இயந்திரத்திடம் ஓவியத்தைக் கேட்பதே சிக்கலின் வேர்.

இது கொழும்பிலும் சென்னையிலும் உள்ள கலைஞரின் கவலையல்லவா, வவுனியாவுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சொல்கிறேன்.

2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்துசேர்ந்த குடும்பங்களில் எத்தனை பேரிடம் திருமணப் படத்தொகுப்பு இருந்தது? முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மக்கள் வீடு திரும்பியபோது சுவரே இல்லாத இடத்தில் சுவரில் மாட்டியிருந்த படம் எங்கே இருக்கும்? எஞ்சியது பலருக்கு ஓர் அடையாள அட்டைப் படம், பாடசாலைக் குழுப்படத்தில் நகத்தளவு முகம், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய ஒரு பிரதி. அவற்றைப் பெருப்பித்து அச்சிட்டே எமது தாய்மார் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடினர். 2017 பெப்ரவரியில் வவுனியாவில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீண்ட வீதியோரப் போராட்டத்தில் அவர்கள் நெஞ்சோடு அணைத்திருந்தவை அத்தகைய படங்களே. அந்த முகத்தின் கண்ணுக்குக் குறுக்கே ஒரு சில்லுத் தடம் ஓடினால் அதைச் சிறு பழுது என்று தள்ளிவிட முடியுமா? ஒரு தாய்க்கு அதுவே மகனின் முகமாக மிஞ்சியிருக்கும்போது?

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் வவுனியா நகரில் சிறிய ஸ்ரூடியோ நடத்துகிறார். கோட்டோவியமும் தீட்டுபவர். பழைய படங்களைச் செப்பனிட்டு, நிறம் மங்காதிருக்க நிறமித்துகள் மையில், பருத்தித் தாளில் அச்சிட்டுக் கொடுப்பது அவர் தொழில். தாள் கொழும்பிலிருந்து வரவேண்டும். ஒவ்வொரு தாளும் காசு. தடம் விழுந்த பிரதிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தபோது, விற்பனையாளரிடம் விசாரித்தார். “பெரிய மெஷின் வாங்குங்கோ தம்பி” என்பதே கிடைத்த பதில். பதில் பொய்யன்று. பெரிய அகல அச்சுப்பொறிகள் பலவற்றில் தாளைக் காற்றுறிஞ்சலால் தட்டோடு ஒட்டவைக்கும் ஏற்பாடு உண்டு. மேலிருந்து சில்லு அழுத்தவேண்டிய தேவை அங்கே இல்லை. ஆனால் அந்த விலை ஒரு சிற்றூர் ஸ்ரூடியோவின் பல ஆண்டு வருமானம்.

அவர் வேறு வழியில் சென்றார். அந்த வழியின் ஒழுங்கையே நான் இங்கு மெச்ச விரும்புகிறேன். முதலில் நோயை அறிந்தார். மையில்லாமல் வெறுந்தாளை ஓடவிட்டார். வெறுந்தாளிலும் குழி விழுந்தால் அழுத்தமே காரணம். அச்சிட்ட இடத்தில் மட்டும் புள்ளி தெரிந்தால் ஈரமும், பல்லில் ஒட்டிய மையுமே காரணம். அடுத்து, எதையும் கழற்றாமல் செய்யக்கூடியவற்றைச் செய்தார். தடித்த தாளுக்கான அமைப்பைத் தெரிந்து அச்சுத்தலையின் இடைவெளியைக் கூட்டினார். மையின் அளவைக் குறைத்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையே காயும் நேரத்தை நீட்டினார். தாளை வளையாமல் செலுத்தும் பின்வழியைப் பாவித்தார். இவற்றாலேயே பாதித் தடம் மறைந்தது.

மீதிக்காகத்தான் திருகாணி கழன்றது. மின்னிணைப்பைத் துண்டித்து, ஒவ்வொரு படியையும் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு, சில்லுகளைத் தாங்கும் சட்டத்தை அடைந்தார். அதை அகற்றி எறியவில்லை. இரு முனையிலும் மெல்லிய பிளாஸ்ரிக் துண்டு வைத்துச் சில மில்லிமீற்றர் உயர்த்தினார். சில்லு இப்போது தாளைத் தொடுவதில்லை. கடிதம் அச்சிடவேண்டுமெனில் துண்டை எடுத்துவிட்டால் இயந்திரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இதற்கு விலை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். சில்லு செய்த வேலையை இனி வேறொன்று செய்யவேண்டும். தாளின் பின்விளிம்பு உட்செலுத்தும் உருளையை விட்டு விலகியதும் அதை முன்னோக்கி இழுக்க எதுவுமில்லை. ஆகையால் படம் அதற்கு முன்னரே முடியும்படி கீழே அகன்ற வெற்று விளிம்பு விட்டு, பின்னர் வெட்டுகிறார். தாள் சுருண்டிருந்தால் அதன் ஓரம் எழும்பி அச்சுத்தலையில் உரசும். இயந்திரத்தின் மிக விலைகூடிய உறுப்புகளில் அதுவும் ஒன்று. கார்த்திகை, மார்கழி மழையில் காற்றின் ஈரம் பருத்தித் தாளை வளைக்கும் என்பதால், முதல்நாள் இரவே தாளைப் பாரத்தின்கீழ் வைக்கிறார். அச்சுத்தலை ஓடும் பாதையில் நீளும் ஒளிபுகு பட்டியை விரலால் தொடுவதே இல்லை. அதில் எண்ணெய்ப் பசை பட்டால் அச்சுத்தலை தன் இடத்தை அறியாது தடுமாறும்.

இப்படிச் செய்வது இயந்திரத்தைப் பாழாக்கும் வேலை என்போருக்கு வரலாற்றை நினைவூட்டலாம். இன்று உலகெங்கும் கலைக்கூடங்களில் தொங்கும் இங்க்ஜெற் கலைப்பிரதிகளின் மரபே இத்தகைய ஒரு மாற்றத்திலிருந்து வளர்ந்ததுதான். பாடகர் கிரஹாம் நாஷ் 126,000 டொலர் கொடுத்து ஐரிஸ் 3047 என்ற இயந்திரத்தை வாங்கினார். அது கலைக்காக ஆக்கப்பட்டதன்று. சஞ்சிகை, விளம்பரம் ஆகியவற்றின் நிறத்தை அச்சேற்றுமுன் சரிபார்க்கும் மாதிரிப்படி இயந்திரம். தடித்த ஓவியத் தாளை அது ஏற்கவில்லை. நாஷும் அவருடைய கூட்டாளி மக் ஹோல்பேர்ட்டும் உத்தரவாதத்தைப் பொருட்படுத்தாது, தாளுக்கு இடம்விடும்படி அதை மாற்றியமைத்தனர். 1991இல் கலிபோர்னியாவின் மன்ஹற்றன் பீச்சில் அவர்களின் கூடம் திறந்தது. அந்த இயந்திரம் 2005இல் ஸ்மித்சோனியன் அரும்பொருளகத்தைச் சேர்ந்தது. உத்தரவாதம் இழந்த பொறி தேசிய அரும்பொருளானது.

இன்னும் கிட்டிய உதாரணம் உண்டு. மைக்குடுவையின் விலை தாளாமல், ஆசிய நகரங்களின் கடைக்காரர் அச்சுப்பொறியில் துளையிட்டு, குழாய் செருகி, வெளியே மைப் போத்தல்களை வைத்தனர். உத்தரவாதம் போய்விடும் என்று நிறுவனங்கள் எச்சரித்தன. 2010இல் எப்சன் நிறுவனமே மைத்தாங்கி பொருத்திய அச்சுப்பொறியை இந்தோனேசியாவில் அறிமுகப்படுத்தியது. இன்று எமது பாடசாலைகளிலும் கடைகளிலும் இருப்பவை பெரும்பாலும் அந்த வகையே. தெரு முதலில் கண்டதைத் தொழிற்சாலை பின்னர் ஏற்றது.

எமது மண்ணுக்கு இது புதிய பாடமுமன்று. 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சாகி, அது கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஈய எழுத்துக் காலத்திலும், தேய்ந்த எழுத்தின் அடியில் மெல்லிய தாளை ஒட்டி உயரம் சரிசெய்யாத அச்சகம் இருந்ததில்லை. இயந்திரம் தந்ததை அப்படியே ஏற்றவரை எவரும் நல்ல அச்சகர் என்று சொன்னதில்லை.

வருத்தம் என்னவெனில், தடைக்காலத்தில் எம்மிடமிருந்த அந்தக் கை, கடைகள் நிறைந்த காலத்தில் எம்மை விட்டுப் போகிறது. பழுதானால் எறி, புதிது வாங்கு என்ற பழக்கம் ஊன்றிவிட்டது. 2022இல் டொலர் இல்லாமல், தாளின்றி மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. இறக்குமதியை மட்டும் நம்பியிருப்பதன் பொருளை அப்போது நாடு முழுவதும் கண்டது. எளிதில் மறந்துவிடக்கூடிய பாடமா அது?

எவரும் எதையும் கழற்றலாம் என்று நான் சொல்ல வரவில்லை. உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரத்தைத் திறப்பவர் இழப்பை அறிந்தே திறக்கவேண்டும். ஓர் உறுப்பு ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதை அகற்றுதல் மடமை. திரும்பப் பூட்டத் தெரியாதவன் கழற்றக் கூடாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளின் உள்ளே பார்ப்பதே குற்றம்போல நிறுவனங்கள் பேசுவதை ஏற்கமுடியாது. 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில், தாள் சிக்கினால் அறிவிக்கும்படி அச்சுப்பொறியைத் திருத்த முயன்றார் ரிச்சர்ட் ஸ்ரோல்மன். அதன் மென்பொருள் மூலநிரலைத் தர மறுத்தார்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு அவரைத் தள்ளிய நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. அச்சுப்பொறி விடயம் சிறிய விடயமன்று என்பதற்கு இதுவே போதும்.

2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்து இயங்கத் தொடங்கியது. அதற்குத் தொழில்நுட்பக் கற்கைகள் பீடமும் உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை நகரத்து ஸ்ரூடியோக்காரரும் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து, பழைய அச்சுப்பொறிகளைத் திறந்து படிக்க வழிசெய்தால் என்ன? பெரிய நிதி தேவையில்லை. கழிவாகக் குவியும் பொறிகளும், சில திருப்புளிகளும், பொறுமையும் போதும். கல்வியாளர் இதைக் கருத்தில் எடுப்பார்களாக. எடுக்கும்வரை, கையில் திருப்புளி உள்ள இளைஞர்கள் தாம் கண்டறிந்ததைத் தமிழில், படத்தோடு, எழுதி வைக்கட்டும். அடுத்த ஊரில் இன்னொருவர் தாளை வீணாக்காமல் இருப்பார்.