நாட்டு நடப்பு: கத்தரித்து வைத்த செய்திகள்

பணியில் இருந்த நாளிலிருந்தே எனக்கு ஒரு பழக்கம். காலையில் தமிழ்ப் பத்திரிகை ஒன்று, கன்னடப் பத்திரிகை ஒன்று. ஓய்வு பெற்ற பிறகு மாலையில் 'ஸ்டார் ஆஃப் மைசூர்' வேறு சேர்ந்துகொண்டது. ஒரே செய்தி மூன்றிலும் மூன்று விதமாக வந்திருந்தால் கத்தரிக்கோலை எடுத்துவிடுவேன். "பழைய பேப்பர்காரன்கூட வாங்கமாட்டான், இப்படி ஓட்டை ஓட்டையாக வெட்டி வைத்தால்" என்பது வீட்டில் அன்றாட அர்ச்சனை. அப்படிச் சேர்த்து வைத்ததிலிருந்து சிலவற்றை நம் சங்க அன்பர்களுக்காக எடுத்திருக்கிறேன். கருத்துகள் அடியேனுடையவை. மாறுபடுவோர் தாராளமாக மாறுபடலாம்.

முதலில் நம் ரயில். 2022 நவம்பர் 11-ஆம் தேதி சென்னை–மைசூர் வந்தே பாரத் தொடங்கிவைக்கப்பட்டது. தென்னாட்டுக்கு வந்த முதல் வந்தே பாரத் அதுதான். 2024 மார்ச்சில் இதே தடத்தில் இரண்டாவதும் வந்துவிட்டது. மகிழ்ச்சி. ஆனால் நம் சங்கத்து உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சென்னைக்காரர்கள் எத்தனை பேர்? சேலம், கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் என்றுதான் பெரும்பாலோர் சொந்த ஊர் சொல்வார்கள். நமக்குப் பிழைப்பு மயிலாடுதுறை எக்ஸ்பிரஸும் தூத்துக்குடி எக்ஸ்பிரஸும்தான். பொங்கலுக்கு முன்பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் அவற்றில் ஸ்லீப்பர் வகுப்பு காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடுகிறது. சொகுசு வண்டி இரண்டு விட்டவர்கள் ஏழை வண்டிக்கு இரண்டு பெட்டி கூடுதலாக மாட்டினால் என்ன?

அந்த மயிலாடுதுறை வண்டியை 2024-இல் கடலூர் துறைமுகம் வரை நீட்டினார்கள். மாலையில் மைசூரில் ஏறினால் மறுநாள் காலை சிதம்பரம் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டிக் கடலூர் போய்ச் சேரலாம். இந்தப் பாதையில் ஆலப்பாக்கத்துக்கும் கடலூருக்கும் நடுவில் செம்மங்குப்பம் என்று ஒரு ஊர். 2025 ஜூலை 8-ஆம் தேதிக்கு முன் அந்தப் பெயரை நம்மில் யாரும் கேட்டிருக்கமாட்டோம். அன்று காலை அந்த ஊர் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அவர்களில் இருவர் உடன்பிறந்தவர்கள். நம் பிள்ளைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போகும் அதே தண்டவாளம்.

இந்தச் செய்தியை நான் மற்றவர்கள் படிப்பதுபோல் படிக்க முடியவில்லை. பாதைப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். எத்தனையோ கேட் கீப்பர்கள் என் பிரிவில் இருந்திருக்கிறார்கள். பத்திரிகைகள் எல்லாம் கேட் கீப்பர் கைது என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டன. கேட் 'இன்டர்லாக்' செய்யப்படாதது என்பதை ஒரு வரியில் முடித்துக்கொண்டன. செய்தியே அந்த ஒரு வரிதான்.

இன்டர்லாக் என்றால் என்ன என்று அன்பர்கள் சிலர் கேட்டார்கள். எளிதாகச் சொல்கிறேன். கேட்டுக்கும் சிக்னலுக்கும் ஒரு முடிச்சு. கேட்டை மூடிப் பூட்டினால்தான் சிக்னல் விழும். சிக்னல் விழுந்து ரயில் கடந்து போகும்வரை கேட்டைத் திறக்க முடியாது. மனிதன் தூங்கினாலும், மறந்தாலும், பயந்தாலும் ரயில் வெளியே நிற்குமே ஒழிய உள்ளே வராது. இந்த முடிச்சு இல்லாத கேட்டில் எல்லாம் வாய்வார்த்தைதான். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் வண்டி வருகிறது என்பார், கேட் கீப்பர் மூடிவிட்டு, மூடினேன் என்பதற்கு அடையாளமாக 'பிரைவேட் நம்பர்' ஒன்றைச் சொல்வார். அதை எழுதிக்கொண்டு சிக்னல் கொடுப்பார்கள். மூடாமலே நம்பரைச் சொல்லிவிட்டால்? கண்டுபிடிக்க வழி கிடையாது. மூன்று குழந்தைகளின் உயிர் ஒரு எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

தவறு செய்தவருக்குப் பரிந்து பேசவில்லை. ஆனால் கேட் அறையில் ஒரு இரவு உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கேட் மூடிய அடுத்த நிமிஷமே ஹாரன் அடிப்பார்கள். மோட்டார் சைக்கிளைச் சாய்த்து அடியில் நுழைப்பார்கள். ஒருமுறை நான் ட்ராலியில் போய் இறங்கியபோது, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் ஜீப்பிலிருந்து இறங்கி, "வண்டி இன்னும் ஆலமரம்கூடத் தாண்டவில்லை, திறடா" என்று கேட் கீப்பரின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவனுக்கு அந்த ஊரில்தான் குடித்தனம், மறுநாளும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். இன்டர்லாக் இருந்தால், "என்னால் முடியாது ஐயா, சிக்னல் போட்டாயிற்று" என்று தப்பித்துக்கொள்வான்.

விபத்துக்குப் பிறகு அதே மாதம் ரயில்வே அமைச்சர் உத்தரவுகள் போட்டார். எல்லா கேட்டிலும் காமிரா வைக்க வேண்டும். கேட்டைக் கடக்கும் ரயில், வாகனப் போக்குவரத்தைப் பெருக்கி ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அது இருபதாயிரத்தைத் தொட்டால்தான் இன்டர்லாக் என்று இருந்ததைப் பத்தாயிரமாகக் குறைத்தார்கள். நல்லதுதான். குறைத்ததற்கு மூன்று குழந்தைகள் போக வேண்டியிருந்தது. பத்தாயிரத்துக்குக் கீழே உள்ள கேட் வழியாகப் பள்ளி வேன் போகாதா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே தெரிவிக்கிறேன்.

அடுத்தது காவிரி. இதைத் தொடாமல் மைசூர்த் தமிழன் எதையும் எழுத முடியுமா?

2025 ஜூன் மாதமே கிருஷ்ணராஜசாகர் 124.80 அடியைத் தொட்டுவிட்டது. ஜூனில் நிரம்பியது அணையின் வரலாற்றில் அதுவே முதல்முறை. ஜூன் 30-ஆம் தேதி முதல்வர் சித்தராமையா வந்து பாகினம் விட்டார். அதற்கு முதல் நாளே மேட்டூர் 120 அடியை எட்டியிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் பாலத்தில் ரயில் ஊர்ந்து செல்லும்போது எல்லோரும் எழுந்து ஜன்னலுக்கு வந்தார்கள். கன்னடர்கள் கைகூப்பினார்கள், தமிழர்கள் சில்லறை போட்டார்கள். அந்தக் கோடையில் இரு மாநிலத்துப் பத்திரிகையும் ஒரே மாதிரியான புகைப்படம் போட்டிருந்ததைக் கண்டு, கத்தரிக்க ஒன்றுமில்லாமல் சும்மா இருந்தேன்.

ஆனால் 2023-இன் தாள்கள் தடிமனாக இருக்கின்றன. மழை பொய்த்தது. செப்டம்பர் 26-இல் பெங்களூர் பந்த், 29-இல் கர்நாடக பந்த். அக்டோபர் 11-இல் டெல்டாவில் பந்த். இங்கே கன்னடப் பத்திரிகையில் மண்டியாவின் கரும்பு கருகிய படம், தமிழ்ப் பத்திரிகையில் குறுவை கருகிய படம். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே காலையில் பார்க்கிற பாக்கியம் நம்மைப் போன்றவர்களுக்குத்தான்.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2007 பிப்ரவரி 5-இல் நடுவர் மன்றம் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சற்று மாற்றி, தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75 என்றது. பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 வந்து சேர வேண்டும். மாத அட்டவணைகூட இருக்கிறது: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95. இதெல்லாம் நல்ல மழை ஆண்டுக்கு. மழை குறைந்தால்? விகிதப்படி குறைத்துக்கொள்ளுங்கள் என்பது தீர்ப்பு. ஆனால் எந்தத் தேதியில், எந்த அணைகளின் நீரைக் கணக்கில் வைத்து, எத்தனை சதவீதம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட சூத்திரம் இன்னும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு வறட்சியிலும் ஆணையக் கூட்டம், மறுப்பு, உச்ச நீதிமன்றம், பந்த்.

தண்டவாளம் மாற்றுகிற வேலையை மழைக்காலத்தில் எடுக்கமாட்டோம். மார்ச், ஏப்ரலில், வண்டி குறைவான மூன்று மணி நேரத்தை வாங்கிக்கொண்டு செய்வோம். காவிரியிலும் அணை நிரம்பிய ஆண்டுதான் பற்றாக்குறைச் சூத்திரம் பேச ஏற்ற ஆண்டு. 2024-இல் நிரம்பியது, 2025-இல் நிரம்பியது. யாராவது பேசினார்களா? பாகினம் விட்டவரும் பேசவில்லை, மேட்டூரில் மலர் தூவியவரும் பேசவில்லை. பேசியதெல்லாம் மேகதாதுதான். 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் அங்கே அணை கட்டும் திட்டத்தை எதிர்த்த தமிழ்நாட்டின் மனுவை, இப்போதே வந்துவிட்டீர்கள் என்று 2025 நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. ஒரு பத்திரிகையில் 'வெற்றி', இன்னொன்றில் 'பின்னடைவு அல்ல'. அணை கட்டினாலும் கட்டாவிட்டாலும் வறட்சி ஆண்டு வரத்தான் போகிறது.

வறட்சி ஆண்டில் என்ன ஆகும் என்பதை மற்றவர்களைவிட நாம் நன்கு அறிவோம். 1991 ஜூனில் 205 டி.எம்.சி. விட இடைக்கால உத்தரவு வந்தது. டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் கலவரம் வெடித்தது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ரயில்வே குவார்ட்டர்ஸில் கூடத்துச் சுவரில் தமிழ்த் தினசரி காலண்டர் மாட்டியிருந்தோம். அதைக் கழற்றி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள் என் மனைவி. பக்கத்து வீட்டு கன்னடத்து கார்டு வந்து, ஆணியை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். மாலையில் தன் வீட்டு கன்னடக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து அந்த ஆணியில் மாட்டினார். இரண்டு வாரம் அது எங்கள் வீட்டில் தொங்கியது. இன்றைக்கும் அந்தக் குடும்பத்தோடு போக்குவரத்து உண்டு. ஆனால் காலண்டரைக் கழற்றிய கை நடுங்கியதும் மறக்கவில்லை.

அந்த நினைவு இருப்பதால்தான் 2025 மே மாதத்துச் செய்தி ஒன்று எனக்கு எரிச்சலூட்டியது. 24-ஆம் தேதி சென்னையில் 'தக் லைஃப்' பட விழாவில், சிவராஜ்குமாரை வைத்துக்கொண்டு, தமிழிலிருந்து பிறந்ததுதான் உங்கள் கன்னடம் என்றார் கமல்ஹாசன். அன்பாகத்தான் சொன்னார் போலும். இங்கே தீ பற்றிக்கொண்டது. உயர் நீதிமன்றம் மன்னிப்புக் கேட்கலாமே என்றது. கும்பலுக்குப் பயந்து படத்தைத் தடுக்கக்கூடாது என்று ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் படம் மற்ற ஊர்களிலேயே ஓய்ந்துபோயிருந்தது.

மொழியறிஞர்கள் சொல்வது, தமிழும் கன்னடமும் தொல் திராவிடம் என்ற ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்று. ஒரே ஜங்ஷனிலிருந்து இரண்டு பாதை பிரிகிறது. எந்தப் பாதை எந்தப் பாதையைப் பெற்றது என்று கேட்பாருண்டா? தமிழில் மிகப் பழைய இலக்கியம் கிடைத்திருப்பது நமக்குப் பெருமை. அந்தப் பெருமைக்கு இன்னொரு மொழியின் பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை. சொன்னவர் சென்னைக்காரர். பதில் சொல்ல வேண்டியவர்கள் தேவராஜ மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தோம். "ஏன் சார், நிம்ம கமல் ஹீகெ ஹேளிபிட்டரல்லா?" என்று கேட்டார் இருபது ஆண்டாகத் தெரிந்த கடைக்காரர். உங்கள் கமல் இப்படிச் சொல்லிவிட்டாரே என்கிறார். கமல் எப்போது என்னுடையவரானார் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். அவர் எடையில் ஒன்றும் குறைக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கன்னடத்துக்குப் பெருமை சேர்ந்த செய்தியும் அதே மே மாதம்தான் வந்தது. பானு முஷ்தாக்கின் சிறுகதைகளுக்கு சர்வதேச புக்கர் பரிசு. அவரைத் தசரா தொடங்கிவைக்க அழைத்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தள்ளுபடியானது. செப்டம்பர் 22-இல் சாமுண்டி மலையில் அவரே தொடங்கிவைத்தார். மலைக்குப் போயிருந்த எனக்கு நெரிசலில் செருப்பு ஒன்று போனதே நஷ்டம். பரிசில் பாதி மொழிபெயர்த்த தீபா பஸ்திக்கு. 2023-இல் நம் பெருமாள்முருகனின் 'பூக்குழி' அதே பரிசின் நெடும்பட்டியலோடு நின்றது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்றும் பேசும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் தமிழைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு அனுப்பச் சொன்னால் கிரிக்கெட் பயிற்சி இருக்கிறதாம்.

படிக்கத் தெரிவது பற்றிப் பேசும்போது இன்னொரு தாள். தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுத் தலைமை அலுவலகம் நம் மைசூரில்தான் இருக்கிறது. பல ஆயிரம் தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் இங்கேதான் தாள் தாளாக அடுக்கியிருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021 ஆகஸ்டில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. மறு ஆண்டு ஒரு பகுதி போனது. தமிழ்ப் பத்திரிகைகள் மீட்பு என்று கொண்டாடின. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மைப்படியை வாசித்துப் பதிப்பிக்கக் கல்வெட்டறிஞர்கள் வேண்டுமே. அவர்களை எந்த லாரியில் ஏற்றி அனுப்புவது? கல்வெட்டுகளோ இங்கேயும் கிடக்கின்றன. மைசூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பஸ்ஸில் போனால் தலக்காடு. சோழர் காலத்தில் அதற்கு ராஜராஜபுரம் என்று பெயர். அங்கேயும் தமிழ் எழுத்து வெட்டிய கல் உண்டு. சங்கத்து ஆண்டு உல்லாசப் பயணம் இந்தத் தடவை ஊட்டிக்குப் பதில் தலக்காடு போகலாம் என்று செயற்குழுவில் சொல்லிப் பார்த்தேன். மணல்தானே இருக்கிறது என்றார்கள்.

கோவை அன்பர்களுக்கும் ஒரு வரி. சாமராஜநகரிலிருந்து சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வேண்டும் என்ற மனுவில் கையெழுத்துக் கேட்டு என்னிடமும் வந்தார்கள். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் குமட்டிக்கொண்டு போகிற கஷ்டம் எனக்கும் தெரியும். 2022 பிப்ரவரியிலிருந்து இரவில் அந்தச் சாலைக்குக் கட்டுப்பாடு இருப்பதும் தெரியும். ஆனால் 2013 முதல் அது புலிகள் காப்பகம். அந்த மலையில் ரயில் ஏற வேண்டுமானால் எத்தனை காட்டை வெட்ட வேண்டும், இரவில் யானை எங்கே கடக்கும் என்பதெல்லாம் தண்டவாளம் போட்டவனுக்குத் தெரியும். கையெழுத்துப் போடவில்லை. ரயில்காரரே இப்படிச் சொல்லலாமா என்று கோபித்துக்கொண்டு போனவர் நம் சங்க உறுப்பினர்தான். இந்த இதழைப் படிப்பார். காபிக்கு வரட்டும், வரைபடத்தை விரித்து வைத்துப் பேசலாம்.