1963-க்கு முன் கெட்ட காதுகள்

பிரித்தானியாவில் வேலையிடப் பேரொலியால் காது கெட்ட தொழிலாளி முதலாளியிடம் இழப்பீடு பெற வேண்டுமானால், முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பித்தாக வேண்டும். கவனக்குறைவு என்பது, ஆபத்தை அறிந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விடுவது. ஆகவே காது எவ்வளவு கெட்டது என்ற மருத்துவக் கேள்விக்கு முன்பே, அது கெடும் என்பது எந்த ஆண்டில் முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி வந்து நிற்கிறது.

மருத்துவர்களுக்கு அது 1886-இலேயே தெரியும். அவ்வாண்டு கிளாஸ்கோ நகரின் காது மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரின் செவித்திறனை, ஒரு கடிகாரத்தின் ஓசை எவ்வளவு தொலைவு வரை அவர்களுக்குக் கேட்கிறது என்று பார்த்து அளந்தார். ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை. இரும்புத் தகடுகளை ரிவிட் அடித்து இணைக்கையில், வெளியே சம்மட்டி விழ, கொதிகலனுக்குள் குனிந்திருந்து ஆணியின் மறுமுனைக்கு முட்டுக்கொடுப்பவரின் பாடே மிக மோசம். ஒவ்வோர் அடியும் இரும்புச் சுவர்களில் எதிரொலித்து அவர் காதில் இறங்கியது.

நீதிமன்றம் குறித்த ஆண்டு வேறு. டைன் ஆற்றங்கரைக் கப்பல் தளங்களில் 1963-க்குப் பல ஆண்டுகள் முன்பே வேலைக்குச் சேர்ந்தவர்கள் தொடுத்த தாம்ப்சன் வழக்கில் 1984-இல் வெளியான தீர்ப்பில், ‘ஒலியும் தொழிலாளியும்’ என்ற அரசுக் கையேடு வெளிவந்த 1963-இலிருந்தே முதலாளிகளைக் குற்றம் சொல்ல முடியும் என்று நீதிபதி மஸ்டில் முடிவு செய்தார். சத்தம் காதைக் கெடுக்கும் என்பது அதற்கு முன்பும் தளத்துக்காரர்களுக்குத் தெரியாததன்று. ஆனால் துறை முழுவதுமே அதைத் தொழிலோடு ஒட்டிய கேடாக ஏற்று வாளாவிருந்தபோது ஒருவரை மட்டும் பிடித்துக் குறை கூறலாகாது என்பது தீர்ப்பின் போக்கு. எல்லோரும் சேர்ந்து சும்மா இருந்தால் எவருக்கும் பொறுப்பில்லை என்ற பொருள், எவ்வளவு பரிவோடு படித்தாலும், இதில் தொனிக்காமல் இல்லை.

இதன் பணவிளைவை உணர நோயின் இயல்பு தெரிய வேண்டும். உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட பகுதியில் உள்ள மயிர்செல்களே ஒலி அதிர்வை நரம்புக்கான செய்தியாக மாற்றுகின்றன. பேரொலியில் அழிந்த மயிர்செல் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மங்குவது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த ஒலிகள். அங்கு ஏற்படும் இழப்பின் பெரும்பகுதி வேலைக்குச் சேர்ந்த முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே நேர்ந்துவிட, பின்னர் வேகம் குறைகிறது. 1945-இல் தளத்தில் சேர்ந்த ஒருவரின் காது 1963 வருமுன்பே பெரும்பாலும் போய்விட்டிருக்கும்; இழப்பீடோ, அதன்பின் போன பங்குக்கு மட்டும்.

1975-இல் அரசின் தொழிற்காய உதவித்தொகைத் திட்டத்தில் தொழில்சார் செவிட்டுத்தன்மையும் சேர்ந்தபோது, அத்திட்டத்தில் முதலாளி எப்போது அறிந்தார் என்ற கேள்விக்கு இடமில்லாமல் போனது. ஆனால் அங்கும் வேலிகள் உண்டு. இன்றைய விதிப்படி, பட்டியலில் உள்ள வேலையில் குறைந்தது 10 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். 1,000, 2,000, 3,000 ஹெர்ட்ஸ் ஒலிகளில் இரு காதிலும் சராசரியாக 50 டெசிபல் இழப்பு காணப்பட வேண்டும். பேரொலி முதலில் தாக்கும் 4,000 ஹெர்ட்ஸ் இந்தச் சராசரியில் சேர்க்கப்படவே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. மேலும், அந்த வேலையை விட்ட 5 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். முதுமையால் வரும் செவித்தேய்வைத் தொழிலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதே இதற்குக் காரணம் எனலாம், அது பொருந்தாக் காரணமுமன்று. ஆயினும், முதலில் தொழிலும் பின்னர் வயதும் அரித்த காதே பலருக்கு அந்த 50 டெசிபலைத் தொடுகிறது. தொட்டபோது வேலையை விட்டு ஆறாம் ஆண்டு பிறந்திருந்தால், தொழிலின் பங்கு எவ்வளவு பெரிதாயினும் அந்த விண்ணப்பத்துக்கு உதவித்தொகை இல்லை.