ஃபார்வர்டு மட்டும் ஓடினால் போதுமா?

இந்த வருஷம் நம்ம டீம் மூணு கோல் வாங்கித் தோற்று வந்த அன்றைக்கு ஹாஸ்டல் மெஸ்ஸில் நடந்த வாக்குவாதம் உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். "நம்ம பசங்க என்னமா ப்ரெஸ் பண்ணினாங்க! கீப்பர்தான் கோட்டை விட்டுட்டான்" என்பதுதான் அன்றைய தீர்ப்பு. கையில் தட்டோடு நானும் தலையாட்டினேன். இப்போது யோசித்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு தப்பு என்றே எனக்குப் படுகிறது.

எதிராளியை அவன் கோல் பக்கத்திலேயே போய் மறித்துப் பந்தைப் பிடுங்குவதைத்தான் 'ஹை ப்ரெஸ்' என்கிறோம். ஸ்டாமினா இருந்தா போதும்னு நம்மில் பலர் நினைக்கிறோம். சமாச்சாரம் ஓட்டத்தில் இல்லீங்க, இடைவெளியில் இருக்கு!

இதை ஆடிக் காட்ட வைத்தவர் இத்தாலிக்காரர் அரிகோ சாக்கி. தொழில்முறை ஆட்டக்காரராக ஒருநாளும் இருந்ததில்லை; ஷூ விற்றுக்கொண்டிருந்தவர். 1987-ல் ஏ.சி. மிலன் அணிக்குக் கோச் ஆனார். பின்னால் பதுங்கி நின்று கோல் விடாமல் காப்பதில் பேர் போன இத்தாலியில், இவர் டிஃபென்ஸை முன்னே ஏறச் சொன்னார். கடைசி டிஃபெண்டருக்கும் முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே சுமார் 25 மீட்டர்தான் இருக்கலாம் என்பது அவர் கணக்கு. பத்துப் பேரும் அந்தப் பட்டைக்குள் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்க வேண்டும். கியர் பாக்ஸைப் பிரித்துப் பார்த்த நமக்கு இது சொல்லாமலே புரியும். சென்டர் டிஸ்டன்ஸ் கூடிப் போச்சுன்னா எவ்வளவு ஒசத்தியான கியரானாலும் பல் சேராது, சும்மா சுத்தும்.

பந்தே இல்லாமல் ப்ராக்டிஸ் வைப்பாராம்! 'பந்து இப்போ இங்கே' என்று அவர் காட்ட, டீம் மொத்தமும் அதற்கேற்ப நகர வேண்டும். குலிட், வான் பாஸ்டன் போன்ற பெரிய ஸ்டார்களை நம்ப வைக்க ஒரு பந்தயமும் கட்டினார். கீப்பர் கல்லி, டசோட்டி, கோஸ்டாகுர்டா, பாரேசி, மால்டினி என அஞ்சே பேர் ஒரு பக்கம். குலிட், வான் பாஸ்டன் உள்பட பத்துப் பேர் எதிர்ப்பக்கம். பதினைந்து நிமிஷம் டைம். பத்துப் பேரால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை என்று சாக்கியே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1989 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில், மிலன் மைதானத்தில் ரியல் மாட்ரிட் 5-0 என்று நொறுங்கியது. இறுதியில் ருமேனியாவின் ஸ்டெயாவா 4-0. குலிட் ரெண்டு, வான் பாஸ்டன் ரெண்டு!

இனி நம்ம கதை. ஃபார்வர்டு மூணு பேர் நாக்குத் தள்ள ஓடினாங்க. ஸ்டாப்பர் ரெண்டு பேர் பெனால்டி பாக்ஸ் கோட்டை விட்டு நகரவே இல்லை. அதில் ஒருத்தன் அடியேன். முதுகுக்குப் பின்னால் காலி இடம் இருந்தால் எனக்குப் பயம். நான் பின்னால் நின்னதால் நடுவில் அரை மைதானம் திறந்து கிடந்தது. நம்ம ஃபார்வர்டுகளைத் தாண்டி ஒரே ஒரு பாஸ் போட்டால் போதும், அவர்கள் நேரே எங்க முன்னால்தான் வந்து நின்றார்கள். அப்புறம் கீப்பர் என்ன செய்வான், பாவம்?

"நமக்கு பாரேசி எங்கே இருக்கார்?" என்று கேட்பீர்கள். 2022 உலகக் கோப்பையில் சவூதி அரேபியாவுக்கும்தான் பாரேசி கிடையாது. மெஸ்ஸியின் அர்ஜென்டினாவுக்கு எதிரே டிஃபென்ஸ் லைனை நடுக்கோட்டுப் பக்கமாக ஏற்றி வைத்து ஆடினார்கள். முதல் பாதியில் அர்ஜென்டினா போட்ட மூணு கோல் ஆஃப்சைடு என்று ரத்தாச்சு. இடைவேளைக்குப் பிறகு சவூதி ரெண்டு கோல் போட்டு 2-1 என ஜெயித்தது. அடுத்த ரெண்டு மேட்சிலும் தோற்று வெளியே போனார்கள் என்பதும் உண்மைதான்; மறைப்பதற்கு நான் ஒன்றும் வக்கீல் இல்லை. ஒரு கால் பின்தங்கினாலும் லைன் உடைந்துவிடும், தொண்ணூறு நிமிஷமும் இதையே ஆடவும் உடம்பு தாங்காது. எப்போ ஏறணும், எப்போ விடணும் என்பதைச் சேர்ந்து பழகித்தான் ஆகணும்.

வரும் ஜூனில் கிரவுண்டில் சுண்ணாம்பால் 25 மீட்டர் இடைவெளியில் ரெண்டு கோடு போடலாம் என்று கேப்டனிடம் கேட்டிருக்கிறேன். பந்து இல்லாமல் ஆரம்பிப்போம், சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். கீப்பர் நண்பா, இந்த மலர் உன் கைக்கு வந்ததும் படி. அந்த மூணு கோலில் ரெண்டு என் கணக்கு.